ஒரே பெட்டியா, தனித்தனிப் பெட்டியா? பாட்டுக் கேட்க ஆம்ப் வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

வீட்டில் நிதானமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஒரு நல்ல செட் வாங்கலாம் என்று கிளம்பினால் முதல் குழப்பம் இதில்தான் வரும். எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இன்டக்ரேட்டட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்குவதா, அல்லது ப்ரீ-ஆம்ப், பவர் ஆம்ப், டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்ப் ஏற்கும் அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) என்று தனித்தனியாக வாங்கி அடுக்குவதா? நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆம்ப் ஒரே பெட்டியாக இருக்கட்டும். சீக்கிரம் பழசாகிற எதையும் அந்தப் பெட்டிக்குள் விடாதீர்கள்.

இன்டக்ரேட்டட், செப்பரேட்ஸ் என்றால் சரியாக என்ன?

பாட்டு புறப்படும் இடத்திலிருந்து ஸ்பீக்கர் வரை போகிற வழியில் இரண்டு வேலை நடக்கிறது. எந்தக் கருவியிலிருந்து பாட்டு வரவேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும் ப்ரீ-ஆம்ப் வேலை. அந்தச் சின்ன சிக்னலுக்கு, ஸ்பீக்கரின் கோனைத் தள்ளி இழுக்கும் தெம்பைக் கொடுப்பது பவர் ஆம்ப் வேலை. இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் இன்டக்ரேட்டட். அதிலேயே ரேடியோவும் சேர்ந்தால் ரிசீவர். தனித்தனிப் பெட்டிகளாக இருந்தால் செப்பரேட்ஸ்.

சிடி பிளேயர், டிஏசி எல்லாம் வழக்கமாக 2 வோல்ட் வரை வெளியே தருகின்றன. பவர் ஆம்ப் முழு பலத்துக்குப் போக பெரும்பாலும் ஒன்று, இரண்டு வோல்ட் போதும். அதாவது, ப்ரீ-ஆம்ப் பெருக்கித் தர வேண்டியது அநேகமாக எதுவும் இல்லை. குழாயில் தண்ணீரைத் திருகி விடுவது போல, வருவதை அளந்து விடுவதுதான் அதன் முக்கிய வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் விலை உயர்ந்த ப்ரீ-ஆம்ப் பற்றிய பேச்சையெல்லாம் நிதானமாக எடை போட முடியும்.

இரண்டு வழி ஏன் வந்தது?

இங்கிலாந்தில் ஹண்டிங்டன் ஊரில் பீட்டர் வாக்கர் நடத்திய குவாட் நிறுவனம் 1967-இல் 33 என்ற ப்ரீ-ஆம்பையும் 303 என்ற பவர் ஆம்பையும் ஜோடியாக வெளியிட்டது. 303 தந்தது 45 வாட். அக்காலத்தில் நல்ல செட் என்றாலே இப்படி இரண்டு பெட்டிதான் என்று ஒரு எண்ணம். பதினொரு வருடம் கழித்து, 1978-இல், நேட் 3020 என்ற சாதாரண விலை இன்டக்ரேட்டட் ஆம்ப் வந்தது. எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்தது. காகிதத்தில் வெறும் 20 வாட். ஆனால் பெரிய ஸ்பீக்கர்களையும் அது தயங்காமல் ஓட்டிய விதத்தைப் பார்த்து, ஒரே பெட்டி என்றால் மட்டம் என்ற எண்ணம் பலருக்குப் போனது.

நம் வீடுகளில் கதை வேறு. ரேடியோகிராம், அப்புறம் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த டூ-இன்-ஒன், தொண்ணூறுகளில் மியூசிக் சிஸ்டம். எல்லாமே ஒரே பெட்டி. டூ-இன்-ஒன்னில் முதலில் கேசட் பகுதி போகும். பெல்ட் தளர்ந்து பாட்டு இழுக்கும், ஹெட் தேய்ந்து மங்கும். ரேடியோ மட்டும் பல வருடம் பாடிக்கொண்டிருக்கும். மியூசிக் சிஸ்டம் முன்பக்கத்தில் நாலைந்து பெட்டி அடுக்கியது போல் கோடு போட்டிருப்பார்கள். கழற்றிப் பார்த்தால் உள்ளே எல்லாம் ஒன்று. சிடி லென்ஸ் போனதும் மொத்தமும் பரணுக்குப் போனது. ஆம்ப் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வெளியிலிருந்து பாட்டு கொடுக்க வழியில்லாமல் எத்தனையோ செட்டுகள் வீணாயின. நான் கற்றுக்கொண்ட பாடம் அங்கிருந்துதான்.

தனித்தனியாக வாங்கினால் சத்தம் நன்றாக இருக்குமா?

இருக்கலாம், அதற்கு உண்மையான காரணங்கள் உண்டு. ஆனால் "பெட்டி கூடினால் தரம் கூடும்" என்பது அதில் ஒன்று அல்ல.

ஒரு இன்டக்ரேட்டட் ஆம்பின் மூடியைத் திறந்து பார்த்தால், ஒரு பக்கம் மிட்டாய் டப்பா அளவில் உருண்டையான டிரான்ஸ்ஃபார்மர், அதன் பக்கத்தில் கட்டைவிரலைவிடத் தடிமனான இரண்டு கப்பாசிட்டர், நடுவில் ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு). பின்பக்க ஓரமாக ஒரு சின்ன போர்டு. சிக்னல் உள்ளே நுழைவது அங்கேதான். அந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி ஒரு காந்தப் புலம் இருந்துகொண்டே இருக்கும். பாட்டு உரக்கப் போகும்போது பவர் பகுதி கரண்டை வாரி இழுக்கும், சப்ளை வோல்டேஜ் ஆடும். நுண்ணிய சிக்னலைக் கையாளும் பகுதிக்கு இந்த இரண்டுமே தொல்லை. தனிப் பெட்டி, தனி சப்ளை என்றால் தொல்லை குறையும். காரணம் அவ்வளவுதான்.

நல்ல இன்டக்ரேட்டட் ஆம்ப் செய்பவர்கள் இதை உள்ளுக்குள்ளேயே சமாளித்துவிடுகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரைத் தூரத்தில் வைப்பார்கள், ப்ரீ பகுதிக்குத் தனி வைண்டிங் கொடுப்பார்கள். அதோடு பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒயர், கனெக்டர் எதுவும் தேவையில்லை என்பது அவர்களுக்கு லாபம். ஒரே தொகையில் ஒரு பெட்டி வாங்கினால் பணம் ஒரு கேபினட், ஒரு சப்ளைக்கு மட்டும் போகும். இரண்டு பெட்டி என்றால் எல்லாம் இரண்டு. சாதாரண பட்ஜெட்டில் இன்டக்ரேட்டட்தான் ஜெயிக்கும் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

எத்தனை வாட் வேண்டும்?

பலரைச் செப்பரேட்ஸ் பக்கம் தள்ளுவது இந்தக் கவலைதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

87 டெசிபல் சென்சிடிவிட்டி என்று ஸ்பீக்கரில் எழுதியிருந்தால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் அவ்வளவு சத்தம் கேட்கும் என்று பொருள். நம் ஹாலில் ஒன்பது, பத்து அடி தள்ளி உட்கார்ந்து தாராளமாகக் கேட்க, சராசரியாக அரை வாட் போதும். நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் கணக்கு அப்படித்தான்.

சராசரி அரை வாட் என்றால் 20 வாட் ஆம்ப் எதற்கு? தவிலுக்கு. நாகஸ்வரம் ஒரு நிலையில் போய்க்கொண்டிருக்கும்போது தவிலின் வலந்தலையில் விழும் ஒரு அடி, கண நேரத்துக்கு மட்டும், சராசரியைத் தாண்டி எங்கோ மேலே போய் வரும். சத்தம் 3 டெசிபல் ஏற இரண்டு மடங்கு வாட் வேண்டும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. 20 டெசிபலுக்கு நூறு மடங்கு. அரை வாட்டில் ஓடும் ஆம்ப் அந்த ஒரு அடிக்கு மட்டும் 50 வாட் கேட்கும். கொடுக்க முடியாவிட்டால் அடியின் முனை மழுங்கி, தவில் அட்டைப் பெட்டியைத் தட்டியது போலக் கேட்கும். நாம் உரக்கக் கேட்காதவர்களாக இருந்தாலும் கொஞ்சம் கையிருப்பு வேண்டும் என்பது இதற்காகத்தான்.

ஆகவே சுமாரான ஹாலுக்கு, சாதாரண ஸ்பீக்கருக்கு 40 முதல் 80 வாட் உள்ள இன்டக்ரேட்டட் தாராளம். நூறிலிருந்து இருநூறுக்குப் போனால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். அதைக் காது கண்டுபிடிக்கும், ஆனால் "அடேயப்பா" என்று சொல்லாது.

பிஎம்பிஓ 1000 வாட் என்று போட்டிருக்கிறதே?

அதை நம்ப வேண்டாம். கண நேரத்தில் எல்லாவற்றையும் கூட்டிப் போடும் விளம்பர எண் அது. ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) எவ்வளவு, எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு, இடது வலது இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும்போதா என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் வேறு ஆம்ப் பாருங்கள்.

அப்படியானால் செப்பரேட்ஸ் யாருக்குத்தான் வேண்டும்?

ஸ்பீக்கர் பிடிவாதமானதாக இருந்தால் வேண்டும். 84, 85 டெசிபல் சென்சிடிவிட்டி, பேஸ் வரும் இடத்தில் இம்பீடன்ஸ் (கரண்டுக்குக் காட்டும் எதிர்ப்பு) 3 ஓமுக்கு இறங்கும் என்றால், கரண்டை வாரிக் கொடுக்கும் பெரிய பவர் ஆம்ப் இல்லாமல் அது வாய் திறக்காது. ஹால் பெரியது, ஸ்பீக்கர் தூரத்தில் என்றாலும் அதே பதில்தான். பவர் ஆம்பை ஸ்பீக்கர் பக்கத்திலேயே வைத்து ஸ்பீக்கர் ஒயரைக் குட்டையாக்கலாம்.

இன்னொரு வகை மனிதரும் உண்டு: மாற்றிப் பார்ப்பதிலேயே மகிழ்ச்சி காண்பவர். வால்வ் ப்ரீ-ஆம்போடு டிரான்சிஸ்டர் பவர் ஆம்பைச் சேர்த்து, ஒரே பாட்டை நாலு தடவை போட்டுக் கேட்பவர். அது ஒரு நல்ல பொழுதுபோக்கு. அவருக்கு இன்டக்ரேட்டட் ஆம்ப் வாங்கிக் கொடுத்தால் மூச்சு முட்டும்.

எதையாவது பிரிக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் எதை?

டிஜிட்டலை. நல்ல ஆம்ப் இருபது, முப்பது வருடம் உழைக்கும். நடுவில் கப்பாசிட்டர் மாற்றினால் இன்னும் போகும். ஆனால் பாட்டு வந்து சேரும் வழி பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. கேசட் போனது, சிடி வந்தது. சிடி போய் எம்பி3, அப்புறம் புளூடூத், இப்போது ஸ்ட்ரீமிங். சோனியின் முதல் சிடி பிளேயர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1982 அக்டோபரில். அந்த வருடத்து இன்டக்ரேட்டட் ஆம்ப் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் இன்றைக்கும் ஒரு டிஏசி-யைச் செருகிப் பாட்டுக் கேட்கலாம்.

அடுத்து, ரெக்கார்ட் பிளேயர் வைத்திருப்பவர்கள் ஃபோனோ ஸ்டேஜை (ரெக்கார்டின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி) பிரிக்கலாம். மூவிங் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய தலை) தருவது சுமார் 5 மில்லிவோல்ட். சிடி பிளேயரின் 2 வோல்ட்டோடு ஒப்பிட்டால் நானூறில் ஒரு பங்கு. மூவிங் காயில் என்றால் அதிலும் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். போதாக்குறைக்கு, தட்டில் பதியும்போது பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டியிருப்பார்கள். ஃபோனோ ஸ்டேஜ் அதைத் திருப்பிப் போட வேண்டும், அதாவது பேஸைத் தூக்க வேண்டும். பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் முனகினால் அந்த முனகலையும் சேர்த்தே தூக்கும். ஒரு சின்ன ஃபோனோ பெட்டியை ஆம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

ப்ரீயையும் பவரையும் பிரிப்பது கடைசி.

வைஃபை, ஸ்ட்ரீமிங், டிஏசி எல்லாம் உள்ளேயே உள்ள புது ஆம்ப் வாங்கலாமா?

வீட்டில் எல்லோரும் பயன்படுத்த வேண்டும், ஒரே ரிமோட் போதும், இடம் கிடையாது என்றால் வாங்குங்கள். அப்பா அம்மா தாமாகப் போட்டுக் கேட்பதற்கு இதைவிட எளிது இல்லை. ஆனால் பின்னால் சாதாரண அனலாக் இன்புட் குறைந்தது இரண்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆப் அப்டேட் நின்றுபோகும் நாளில் அந்த இரண்டு ஓட்டைதான் பெட்டியைக் காப்பாற்றும். பரணுக்குப் போன அந்த மியூசிக் சிஸ்டங்களில் இல்லாதது அதுதான்.

டிவியும் படமும் இதிலேயே வேண்டும். ஏவி ரிசீவர் (படத்துக்காகப் பல ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்) போதாதா?

படம்தான் முக்கியம் என்றால் போதும். பாட்டும் சமமாக முக்கியம் என்றால், ப்ரீ-அவுட் உள்ள ஏவி ரிசீவரும் ஹோம் தியேட்டர் பைபாஸ் (வால்யூமைத் தாண்டி நேரே பவர் பகுதிக்குப் போகும் வழி) உள்ள இன்டக்ரேட்டட் ஆம்பும் சேர்ந்தால் அருமையான ஜோடி. முன் ஸ்பீக்கர் இரண்டும் இன்டக்ரேட்டட்டில் இருக்கும். படம் பார்க்கும்போது ரிசீவர் அதை வெறும் பவர் ஆம்பாக ஓட்டும். பாட்டுக் கேட்கும்போது ரிசீவரை அணைத்தே வைக்கலாம்.

ப்ரீ-அவுட் என்கிறீர்களே, அது எதற்கு?

இன்டக்ரேட்டட் ஆம்பின் ப்ரீ பகுதியிலிருந்து சிக்னலை வெளியே எடுக்கும் வாசல். பின்னாளில் பெரிய ஸ்பீக்கர் வாங்கினால் ஒரு பவர் ஆம்பை மட்டும் வாங்கி அதில் சேர்த்துவிடலாம்; பழைய ஆம்ப் ப்ரீயாகத் தொடரும். மேலே சொன்ன நேட் 3020-இன் பின்பக்கத்தில் ப்ரீ-அவுட்டையும் மெயின்-இன்னையும் (பவர் பகுதிக்குள் போகும் வாசல்) இணைத்து யூ வடிவத்தில் இரண்டு சின்ன உலோகக் கம்பிகள் செருகியிருக்கும். அதைப் பிடுங்கினால் ஒரே பெட்டி இரண்டு பெட்டியாகிவிடும்! இந்த வசதி உள்ள ஆம்ப் வாங்கினால் ஒரே பெட்டியா, தனித்தனியா என்ற கேள்விக்கே இன்று பதில் சொல்ல வேண்டியதில்லை. சப்-வூஃபர் சேர்க்கவும் இது உதவும்.

எந்த ப்ரீ-ஆம்போடும் எந்தப் பவர் ஆம்பும் சேருமா?

சேரும், ஆனால் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். பவர் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ், ப்ரீயின் அவுட்புட் இம்பீடன்ஸைப் போல் பத்து மடங்காவது இருப்பது நல்லது. வால்வ் ப்ரீ-ஆம்புகளில் இது இடறும். பேஸ் மெலிந்து கேட்கும். இரண்டாவது கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு. இரண்டு பெட்டியும் பெருக்கினால், வால்யூம் குமிழை லேசாகத் தொட்டதுமே வீடு அதிரும். பாட்டு இல்லாதபோது ஸ்பீக்கரில் 'ஸ்ஸ்' என்று ஓசை தெரியும். ஒரே கம்பெனியின் ஜோடி வாங்கினால் இந்தக் கவலை குறைவு. எக்ஸ்எல்ஆர் பேலன்ஸ்டு இணைப்பு (இரைச்சலைத் தள்ளும் மூன்று முள் இணைப்பு) நீண்ட ஒயருக்கு நல்லது. ஒரு மீட்டருக்குள் என்றால் சாதாரண ஆர்சிஏ ஒயர் போதும்.

பெட்டிகளைச் சேர்த்ததும் 'ம்ம்ம்' என்று ஹம் வருகிறது. ஏன்?

பெட்டி கூடக்கூட வரும் முதல் தலைவலி இது. பல பெட்டிகளுக்கு எர்த் உண்டு. சிக்னல் ஒயரிலும் ஒரு கிரவுண்ட் உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிட்டால் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அதில் சுற்ற ஆரம்பிக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதைத் தேடினேன். பாட்டை நிறுத்தி, ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். டிஏசி-யைப் பிடுங்கினேன், ஹம் அப்படியே இருந்தது. சிடி பிளேயர், அதேதான். ஃபோனோ, அதேதான். டிவியிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கியதும் நின்றது. சரி, டிவிதான் என்று நினைத்து ஒயரைத் திரும்பச் செருகிவிட்டு, செட்-டாப் பாக்ஸின் பின்னால் இருந்த கேபிள் டிவி ஒயரைத் திருகிக் கழற்றினேன். அப்படியே நிசப்தம். தெருக் கம்பத்திலிருந்து வரும் அந்த ஒயர் தன் எர்த்தையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறது. அந்த இடத்தில் ஒரு ஐசோலேட்டர் (எர்த் தொடர்பை வெட்டி சிக்னலை மட்டும் விடும் சின்னக் கருவி) போட்டதும் பிரச்சினை தீர்ந்தது.

நீங்களும் இப்படியே தேடுங்கள். ஆனால் பிடுங்குவதும் செருகுவதும் ஆம்பை அணைத்துவிட்டுத்தான்; பிறகு ஆன் செய்து கேளுங்கள். எல்லா பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பாருங்கள், பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். ஹம் போகிறது என்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அது உயிரோடு விளையாடுவது.

இன்வர்ட்டரில் ஓட்டலாமா? ஸ்டெபிலைசர் வேண்டுமா?

கரண்ட் போய் இன்வர்ட்டருக்கு மாறியதும் ஆம்ப் 'ர்ர்ர்' என்று உறுமினால் உங்களுடையது சதுர அலை இன்வர்ட்டர். அதில் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும், பாட்டை நிறுத்திவிடுங்கள். சைன் வேவ் இன்வர்ட்டர் என்றால் கவலையில்லை. உங்கள் பகுதியில் 230 வோல்ட் நிற்காமல் மேலும் கீழும் ஆடுகிறது என்றால் ஸ்டெபிலைசர் போடுங்கள். அது மாறும்போது வரும் 'டக்' சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தனித்தனிப் பெட்டி என்றால் எதை முதலில் ஆன் செய்வது?

பவர் ஆம்ப் கடைசியாக ஆன், முதலில் ஆஃப். மாற்றிச் செய்தால் ப்ரீ-ஆம்ப் விழிக்கும்போது வரும் அதிர்ச்சி 'தொம்' என்று ஸ்பீக்கரில் இறங்கும்.

ஒரு லட்ச ரூபாய் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

என் கணக்கு இது. ஸ்பீக்கருக்கு 50 ஆயிரம், ப்ரீ-அவுட் உள்ள இன்டக்ரேட்டட் ஆம்புக்கு 30 ஆயிரம், டிஏசி அல்லது ஸ்ட்ரீமருக்கு 10 ஆயிரம். மிச்சம் 10 ஆயிரத்தை அறைக்கு வையுங்கள். நம் வீடுகளில் தரை டைல்ஸ் அல்லது கிரானைட், சுவர் சிமெண்ட், ஒரு ஓரத்தில் ஸ்டீல் பீரோ. கை தட்டினால் எதிரொலிக்கும் ஹாலில் எத்தனை லட்சம் போட்டாலும் பாடகரின் வார்த்தை தெளியாது. ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு தடித்த ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, பின்சுவரில் புத்தக அலமாரி. ஆம்ப் மாற்றி நான் கேட்ட எந்த வித்தியாசமும் இந்த மாற்றத்துக்கு ஈடில்லை.

ஒயருக்குத் தனியாகச் செலவு வேண்டாம். தடிமனான செப்பு ஒயர், இறுக்கமான இணைப்பு, போதும்.

எங்கே வைப்பது?

மேலே நாலு விரற்கடையாவது காற்று போக இடம் விடுங்கள். வழக்கமான கிளாஸ் ஏபி வகை ஆம்ப் சூடாகும். கரண்டை மிச்சம் பிடிக்கும் கிளாஸ் டி வகை அவ்வளவாகாது. ஆம்ப் மேல் டிஏசி-யையோ துணியையோ வைக்காதீர்கள். எறும்பும் பல்லியும் அந்தக் கதகதப்பைத் தேடி வரும். மாதம் ஒருமுறை பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். கடலோர ஊர் என்றால் ஆர்சிஏ முனைகளை அவ்வப்போது பிடுங்கிச் செருகுங்கள். உப்புக்காற்று பச்சை பூக்க வைத்துவிடும்.

பழைய ஆம்ப் வாங்கலாமா?

தாராளமாக. அதிலும் பழைய இன்டக்ரேட்டட் ஆம்ப், சாதாரண டிரான்சிஸ்டர்கள் போட்டது, நம் ஊர் மெக்கானிக் கையாலேயே சரியாகும். சென்னை ரிச்சி தெருவில் தேடினால் பாகம் கிடைக்க வாய்ப்புண்டு. புது போர்டுகளில் ஒரு சில்லு போனாலும் போர்டையே மாற்றச் சொல்வார்கள்.

வாங்கப் போகும்போது நன்கு தெரிந்த ஒரு பாட்டையும் ஒரு ஹெட்போனையும் எடுத்துப் போங்கள். ஆன் செய்து அரை மணி நேரம் ஓட விடுங்கள். வால்யூம் குமிழைச் சுற்றும்போது 'கரகர' என்றால் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும். ஒரு பக்கம் சத்தம் விட்டு விட்டு வந்தால் ரிலேயோ ஸ்விட்சோ தேய்ந்திருக்கிறது. விலையில் குறைத்துக் கேளுங்கள். பாட்டை நிறுத்தி வால்யூமைச் சுழியத்தில் வைத்தும் ஹம் கேட்டால் பெரும்பாலும் சப்ளை கப்பாசிட்டர் பழசு. மாற்றலாம், செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து காட்ட மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.